ரிப்ளியைப் பற்றி வாசகர்கள் ஏன் இன்னும் வாதாடுகிறார்கள்?

பட்ரீசியா ஹைஸ்மித் எழுதிய ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ 1955-ல் வெளிவந்தது. அதைப் படித்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் கொலையைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். யார் கொன்றான், எதனால் அடித்தான் என்பதெல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. துப்புத் துலக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. சண்டை வருகிற இடம் வேறு. டாம் ரிப்ளி ஆண்களை விரும்புகிறவனா, இல்லையா?

“இதிலென்ன சந்தேகம்? வரிக்கு வரி தெரிகிறதே” என்பார் ஒருவர். “அவனுக்கு யார்மேலும் ஆசை கிடையாது. டிக்கியின் சட்டையும் மோதிரமும் பணமும்தான் வேண்டும்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கோபத்தோடு வருவார்: “கே என்றாலே கொலைகாரன் என்று ஒரு புத்தகம். இதை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?”

மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவசரமில்லை, டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கதையை முடிவு வரைக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும். முடிவு தெரிந்து படித்தாலும் பதற்றம் குறையாத நாவல் இது.

நியூயார்க்கில் ஒருவர் தன்னைப் பின்தொடர்கிறார் என்ற கலக்கத்தோடு டாம் ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. வருமான வரி அதிகாரி மாதிரி ஆள்மாறாட்டம் செய்து சில்லறை மோசடிகள் செய்துகொண்டிருந்தவன் அவன். போலீஸ்தான் வந்துவிட்டது என்று நடுங்குகிறான். வந்தவரோ ஹெர்பர்ட் கிரீன்லீஃப் என்ற பணக்காரத் தந்தை. இத்தாலியில் கடலோர ஊரொன்றில் ஓவியம் வரைகிறேன் என்று உட்கார்ந்துவிட்ட மகன் டிக்கியை எப்படியாவது திரும்ப அழைத்துவர வேண்டும். போய்வரச் செலவுக்குத் தருகிறேன் என்கிறார். டாம் போகிறான். டிக்கியோடு ஒட்டிக்கொள்கிறான். டிக்கியின் தோழி மார்ஜுக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. டிக்கிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துப்போகிறது. சான் ரெமோவில் இருவரும் படகில் போகும்போது டாம் துடுப்பால் டிக்கியை அடித்துக் கொல்கிறான். அதற்குப் பிறகு டிக்கியாகவே வாழத் தொடங்குகிறான்: அவன் உடை, அவன் கையெழுத்து, அவன் வங்கிக் கணக்கு. சந்தேகப்பட்டு வந்த ஃப்ரெடி மைல்ஸ் என்ற நண்பனையும் ரோமில் கொல்கிறான். கடைசியில் டிக்கியின் பெயரில் தானே எழுதிய பொய் உயிலால் சொத்தும் அவனுக்கே வந்து சேர்கிறது. மாட்டிக்கொள்ளவே இல்லை.

இப்போது முதல் வாசகரைக் கேட்போம். அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. ஒரு நாள் டாம் டிக்கியின் அறையில் தனியாக, டிக்கியின் உடைகளைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். டிக்கியின் குரலில் பேசி, மார்ஜின் கழுத்தை நெரிப்பதுபோல் நடித்துப் பார்க்கிறான். எங்கள் இருவருக்கும் நடுவில் நீ வந்துவிட்டாய் என்பதுதான் அவள்மேல் அவன் சாட்டும் குற்றம். அந்த நேரம் பார்த்து டிக்கி உள்ளே வந்துவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து, நான் அந்த மாதிரி ஆள் இல்லை, ஆனால் நீ அப்படித்தான் என்று மார்ஜ் நினைக்கிறாள் என்று டாமிடம் சொல்கிறான். கான் கடற்கரையில் இன்னொரு காட்சி. சில ஆண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி வித்தை காட்டுகிறார்கள். டாம் ரசித்துப் பார்க்கிறான். டிக்கி அவர்களை இளக்காரமாகப் பேசுகிறான். உடனே டாமுக்குச் சிறுவயது ஞாபகம் வருகிறது: வளர்த்த அத்தை அவனைப் பெண்பிள்ளை மாதிரி என்று ஏளனம் செய்தது. இதையெல்லாம் படித்தபிறகும் இவனுக்கு டிக்கிமேல் காதல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று முதல் வாசகர் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாமவருக்கும் துணை உண்டு. அந்தத் துணை நூலாசிரியரேதான். ரிப்ளி தன்பாலீர்ப்பாளன் என்று தனக்குத் தோன்றவில்லை, அழகான ஆண்களை ரசிப்பான், அவ்வளவுதான் என்கிற பொருளில் ஹைஸ்மித் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1970-ல் வந்த அடுத்த ரிப்ளி நாவலில் அவனுக்கு எலோயிஸ் என்ற பிரெஞ்சு மனைவியும், பாரிஸுக்கு அருகே ஒரு கிராமத்தில் வீடும் தோட்டமும் இருக்கின்றன. அந்த மணவாழ்க்கையில் உடல் ஆசைக்குப் பெரிய இடமில்லை. முதல் புத்தகத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால், டாம் டிக்கியை அடைய விரும்பியதைவிட டிக்கியாக ஆக விரும்பியதுதான் பெரிதாகத் தெரியும். டிக்கி செத்தபிறகு டாம் அழுவதில்லை. டிக்கியின் காலணியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடக்கிறான்.

ஆசிரியர் சொன்னதோடு வழக்கு முடிந்துவிடாது என்பது என் எண்ணம். எழுதி அச்சில் வந்துவிட்ட பக்கத்துக்கு ஆசிரியரும் ஒரு வாசகர்தான். ஆனால் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். டாமுக்குத் தன் ஆசை என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளும் துணிச்சலும் அவனிடம் இல்லை. எனக்கு ஆணைப் பிடிக்குமா பெண்ணைப் பிடிக்குமா என்று முடிவுசெய்ய முடியவில்லை, இரண்டையும் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்பதைத் தன் நியூயார்க் நண்பர்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே சொல்லித் திரிந்தவன் அவன். கதவைத் திறந்து பார்க்காமலேயே பூட்டிவிட்ட மனிதன். நாமும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறோம். அதனால்தான் வாதம் தீர்வதே இல்லை.

இந்தப் பூட்டு ஹைஸ்மித்தின் தனிக் கற்பனை அல்ல. அன்றைய அமெரிக்கா அப்படித்தான் இருந்தது. 1953 ஏப்ரல் 27 அன்று அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450-ஆம் ஆணை, ‘பாலியல் பிறழ்வு’ என்பதை மத்திய அரசு வேலைக்குத் தகுதியிழப்பாக வைத்தது. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். எல்லா மாநிலங்களிலும் அந்த உறவு குற்றம். முதன்முதலில் சட்டத்தை மாற்றிய இல்லினாயில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1962-ல்தான். அப்படிப்பட்ட நாட்டில் பின்னால் ஒருவர் நடந்துவந்தாலே நெஞ்சு படபடக்கும். டாம் முதல் பக்கத்தில் பயப்படும்போது அவன் யாரையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிப் பக்கத்தில் எல்லாம் ஜெயித்தபிறகும், இனி எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் போலீஸ் காத்திருக்குமோ என்றே நினைக்கிறான். கொலைக்கு முன்பும் இருந்த பயம் கொலைக்குப் பின்பும் இருக்கிறது. நாவலின் திகிலுக்கு ஊற்று அந்தப் பயம்தான். பிணம் நடுவில் வந்து சேர்ந்தது.

இனி மூன்றாம் வாசகரின் கோபம். இதை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. அந்தக் காலத்துக் கதைகளில் தன்பாலீர்ப்பாளர்கள் வந்தால் தற்கொலை செய்துகொள்ள வேண்டும், பைத்தியமாக வேண்டும், அல்லது கொலைகாரராக இருக்க வேண்டும். எழுத்தாளர்களின் விருப்பம் மட்டும் இதற்குக் காரணமல்ல. மரிஜேன் மீக்கர் என்பவர் வின் பாக்கர் என்ற புனைபெயரில் 1952-ல் ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற நாவலை எழுதினார். இரண்டு கல்லூரிப் பெண்களின் காதல் கதை. மகிழ்ச்சியாக முடித்தால் ஆபாசம் என்று சொல்லி அஞ்சல் துறை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் சொன்னார். ஆகவே ஒரு பெண் மனநிலை குலைகிறாள். மற்றவள் அவளைக் காதலிக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்கிறாள். சோக முடிவு, புத்தகம் தபாலில் போவதற்கான நிபந்தனையாக இருந்தது. இப்படிப்பட்ட அலமாரியில் ரிப்ளியும் வந்து நின்றால், அந்த வாசகருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அதே ஹைஸ்மித், ரிப்ளிக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1952-ல், இன்னொரு நாவல் எழுதியிருந்தார். அதைச் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல முடியாது. ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ என்பது அதன் பெயர். அட்டையில் இருந்த ஆசிரியர் பெயர் கிளேர் மார்கன். 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹைஸ்மித் நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தார். மிங்க் கோட் போட்ட ஒரு பெண்மணி வந்து பொம்மை வாங்கி, அனுப்பவேண்டிய முகவரி கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே வீட்டுக்குப் போய்க் கதையின் முழு ஓட்டத்தையும் எழுதிவைத்துவிட்டார் ஹைஸ்மித். அவருடைய முதல் நாவலை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனம் இதை ஏற்கவில்லை. வேறு பதிப்பகம் வெளியிட்டது.

கடையில் வேலை செய்யும் தெரீஸ் என்ற இளம்பெண்ணும், விவாகரத்தின் நடுவில் இருக்கும் கரோலும் காதலிக்கிறார்கள். காரில் மேற்கே நீண்ட பயணம் போகிறார்கள். பின்னாலேயே கணவன் அமர்த்திய துப்பறிவாளன் வருகிறான். விடுதி அறையில் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்கிறான். அந்தப் பதிவு நீதிமன்றத்துக்குப் போனால் கரோல் மகளை இழப்பாள். இந்தக் கதையில் கொலை இல்லை, திருட்டு இல்லை. இருந்தும் ஹைஸ்மித்தின் மற்ற நாவல்களில் வரும் அதே இறுக்கம். கண்ணாடியில் பின்னால் வரும் காரைப் பார்க்கும்போது ஏற்படும் அதே மூச்சடைப்பு. இங்கே வேட்டையாடப்படுகிறவர்கள் குற்றவாளிகள் அல்ல என்பதுதான் வேறுபாடு. கரோல் மகளை இழக்கிறாள். ஆனால் தெரீஸ் அவளிடம் திரும்பி வருகிறாள். புத்தகம் அங்கே முடிகிறது.

1953-ல் மலிவுப் பதிப்பு வந்தபிறகு இந்தப் புத்தகம் ஏறக்குறையப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. கிளேர் மார்கனுக்கு வாசகர் கடிதங்கள் பதிப்பகத்தின் வழியாக வந்துகொண்டே இருந்தன. வாரம் இரண்டு முறை பத்துப் பதினைந்தாக, மாதக்கணக்கில். பின்னாளில் எழுதிய பின்னுரையில் ஹைஸ்மித் இதைச் சொல்கிறார். பெண்களும் எழுதினார்கள், ஆண்களும் எழுதினார்கள். எங்களைப் போன்றவர்களின் கதை இப்படி நல்லபடியாக முடிந்ததை முதல்முறையாகப் படிக்கிறோம் என்பது பல கடிதங்களின் சாரம். சின்ன ஊரில் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாமல் இருக்கிறேன் என்று எழுதியவர்களும் உண்டு. இந்த நாவல்மீது வந்த வாசகர் கருத்துகளில் இதைவிட முக்கியமானவை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நடை நன்றாக இருக்கிறதா, திருப்பம் எதிர்பாராததா என்று அவர்கள் எழுதவில்லை. உயிரோடு இருக்க இடம் உண்டு என்று தெரிந்துகொண்டதாக எழுதினார்கள். ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரை அந்தப் புத்தகத்துக்குக் கொடுக்க 1990 ஆயிற்று; அப்போதுதான் அது ‘கரோல்’ என்ற பெயரில் பிரிட்டனில் வந்தது. 2015-ல் டாட் ஹெய்ன்ஸ் அதைப் படமாக்கினார்.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாம் வாசகருக்கு ஒரு பதில் கிடைக்கிறது. காதலை ஒத்துக்கொண்ட இரண்டு பெண்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள், ஆனால் யாரையும் அழிக்கவில்லை. தன்னையே ஒத்துக்கொள்ளாத ஓர் ஆண் அடுத்தவன் உயிரை எடுத்து அவன் தோலுக்குள் புகுந்துகொள்கிறான். ஹைஸ்மித் இப்படித் திட்டமிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு இந்த ஒப்பீடு தெளிவாகத் தெரிகிறது: ஆசையிலிருந்து கொலை பிறக்கவில்லை, வெட்கத்திலிருந்து பிறந்தது. அந்த வெட்கத்தை டாமுக்கு ஊட்டியவர்கள் அத்தையும் ஊரும் சட்டமும்.

திரைப்படங்களும் ஒருவகையில் வாசகர் கருத்துகளே. 1960-ல் ரெனே கிளெமான் எடுத்த பிரெஞ்சுப் படத்தில் அலென் டெலோன் ரிப்ளியாக நடித்தார். ஆண்மீதான ஈர்ப்பு பெரும்பாலும் மறைந்துபோய், இறுதியில் அவன் அகப்படுவதுபோல் முடித்தார்கள். அந்த முடிவு ஹைஸ்மித்துக்குப் பிடிக்கவில்லை. 1999-ல் அந்தனி மிங்கெல்லாவோ ஈர்ப்பை வெளிப்படையாக்கினார். நாவலில் ஓரமாக வந்துபோகும் பீட்டரை டாமை நேசிக்கும் ஆணாக மாற்றி, அவனையும் டாம் கையால் சாகவைத்தார். பொய்யைக் காக்க உண்மையான அன்பையே கொல்லவேண்டி வருகிறது என்பது அவருடைய வாசிப்பு. முதல் படம் இரண்டாம் வாசகர் பக்கம், அடுத்தது முதலாமவர் பக்கம்.

நிலைமை மாறியதையும் சொல்லவேண்டும். 1970-ல் ஜோசப் ஹான்சன் ‘ஃபேட்அவுட்’ என்ற துப்பறியும் நாவலை வெளியிட்டார். துப்பறிகிறவர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், கலிஃபோர்னியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக மரணங்களை விசாரிப்பவர். அவர் கே. தன்னை நினைத்து வெட்கப்படாதவர். நெடுங்காலம் கூட வாழ்ந்த துணைவரைப் பறிகொடுத்த துக்கத்தோடு வேலைக்குப் போகிறவர். 1991 வரை பன்னிரண்டு நாவல்களில் அவர் வந்தார். ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடியவர் இருந்த இடத்தில் ரகசியத்தைத் தேடிப்போகிறவர் வந்து நின்றார்.

டேவும் கரோலும் தெரீஸும் அலமாரியில் சேர்ந்தபிறகு ரிப்ளி தன் இனத்தார் எல்லோருக்கும் பிரதிநிதியாக நிற்கவேண்டிய சுமை குறைந்துவிட்டது. ஒரே ஒருவன்தான் கதையில் இருந்தால் அவன் செய்யும் தவறு எல்லோர் தலையிலும் விழும். பலர் வந்துவிட்டால் அது அவன் தவறாக மட்டும் இருக்கும். மூன்றாம் வாசகரின் கோபத்துக்கு மருந்து ரிப்ளியை எரிப்பதில் இல்லை, பக்கத்தில் இன்னும் பல புத்தகங்களை வைப்பதில் இருக்கிறது.

ஆகவே இந்த வகை நாவல் எதைப் படித்தாலும், பாத்திரம் கே-யா இல்லையா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கே பயம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். காதலே பயங்கரம் என்று ஒரு நாவல் சொன்னால் அது நேர்மையற்ற நாவல். தயங்காமல் அப்படிச் சொல்லுங்கள். காதலைச் சொல்லவிடாத உலகம் பயங்கரம் என்று அது காட்டினால், கதாநாயகன் கொலைகாரனாகவே இருந்தாலும் அது நம் கூட நிற்கிற புத்தகம். முதலில் ‘கரோல்’ படியுங்கள், அடுத்து ரிப்ளி. இந்த வரிசையில் படித்தவர்களுக்கு டாமின்மேல் அருவருப்பும் வரும், இரக்கமும் வரும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவே ஹைஸ்மித் நம்மிடம் கேட்கிறார்.