பிடில் பிழைத்தது, மொழி?

கனடாவின் கிழக்குக் கோடியில் கடலை ஒட்டிச் செல்லும் ஒரு சாலை. வழிநெடுக ஸ்காட்லாந்துப் பெயர்கள், ஸ்காட்லாந்து இசை. சுற்றுலாப் பயணிகளுக்காகப் பாட்டன் உடையை உடுத்திக்கொண்ட ஊர்கள், பாட்டியின் பேச்சைக் கிட்டத்தட்ட தொலைத்துவிட்டன.

1955 ஆகஸ்ட் 13. கேப் பிரெட்டன் தீவையும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பெருநிலப் பகுதியையும் இணைக்கும் கான்ஸோ சாலை திறக்கப்பட்டது. ஜலசந்தியில் பாறைகளைக் கொட்டிக் கொட்டியே எழுப்பிய சாலை அது. நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர். அதன்மீது முதலில் நடந்து வந்தவர்கள் 'பேக்பைப்' ஊதிய 100 கலைஞர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் தீவு என்று உலகுக்கு அறிவிக்க இதைவிடப் பொருத்தமான காட்சி ஏது? ஒரே ஒரு குறை. தீவின் முதியவர்கள் பலருக்கு அப்போதும் தாய்மொழி கேலிக்தான். அவர்களுடைய பேரக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இன்றும் அந்தச் சாலையைத் தாண்டியதும் 'நூறாயிரம் நல்வரவு' என்று கேலிக்கில் எழுதிய பலகை நிற்கிறது. இடப்பக்கம் திரும்பினால் 19-ஆம் எண் சாலை. மார்கரீ துறைமுகம்வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குக் கடலை விட்டு அதிகம் விலகாமல் ஓடுகிறது. இதற்குச் சுற்றுலாத் துறை வைத்திருக்கும் பெயர் 'கேலி டிரெயில்'. நம் கேலி அல்ல. மாலையில் அண்டை வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து கதை, பாட்டு, பிடில் என்று பொழுதுபோக்குவதற்குத்தான் கேலிக் மொழியில் 'கேலி' என்று பெயர்.

இவர்கள் இங்கே வந்தது விரும்பி அல்ல. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும், ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று கண்டுகொண்ட நிலப்பிரபுக்கள் குடியானவர்களை அப்புறப்படுத்தினார்கள். 1773-ல் 'ஹெக்டர்' கப்பல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவில் வந்திறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கேப் பிரெட்டனுக்குக் கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்தார்கள். அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் இங்கும் அக்கம்பக்கத்திலேயே குடியேறினார்கள். மேற்குக் கரையில் ஜூடிக், மபூ ஊர்களில் கத்தோலிக்கர்கள். வடக்குக் கரையில் லூயிஸ், ஹாரிஸ் தீவுகளில் இருந்து வந்த பிரெஸ்பிடீரியன்கள். தீவு காலியாகக் கிடக்கவில்லை. மிக்மாக் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் மண் இது. மபூ என்ற பெயரே அவர்களுடையது. துரத்தப்பட்டவர்கள் வந்து குடியேறியதும் இன்னொருவர் இடத்தில்தான். சாலையோர விளம்பரங்களில் இந்தச் சங்கதிக்கு இடம் குறைவு.

தெருவுக்குத் தெரு மெக்டொனால்டு என்றால் யார் எந்த மெக்டொனால்டு? தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று அடுக்கிச் சொல்லி அடையாளம் காட்டுவது ஊர் வழக்கம். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும்.

பிறகு மொழி எப்படிப் போயிற்று? பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. கேலிக் பேசிய பிள்ளைகள் அடி வாங்கிய கதைகள் தீவில் ஏராளம். பிழைக்கப் போகும் இடமெல்லாம் ஆங்கிலம் என்பதால் பெற்றோரும் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். கேலிக் பெரியவர்களின் ரகசிய பாஷையானது. 1890-ல் தாமஸ் மெக்கின்னஸ் என்ற செனட்டர், அரசு நடவடிக்கைகளில் கேலிக்கைப் பயன்படுத்த வழிசெய்யும் மசோதாவைக் கனடா செனட்டில் கொண்டுவந்தார். இந்தத் தீவில் பிறந்தவர். ஸ்காட்டிஷ் வம்சத்தினர் 10 பேர், ஐரிஷ் வம்சத்தினர் 8 பேர் என 18 செனட்டர்களுக்கு கேலிக் தெரியும் என்று கணக்குச் சொன்னார். கிடைத்த ஓட்டு 7. எதிர்த்து 42.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து சிட்னி நகரில் (ஆஸ்திரேலியா அல்ல, இந்தத் தீவின் சிட்னி) 'மாக் டல்லா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பெயருக்கு எதிரொலி என்று பொருள். முழுக்க முழுக்க கேலிக். ஜோனதன் மெக்கின்னன் என்ற தனிமனிதரின் பிடிவாதத்தில் 1904 வரை வந்தது. பத்திரிகை நின்ற பிறகும் அவர் ஓயவில்லை. டால்ஸ்டாய் கதை ஒன்றையும் கேலிக்கில் மொழிபெயர்த்து வெளியிட்டார். வாசகர்கள் குறைந்துகொண்டே போகும் மொழிக்கு டால்ஸ்டாயைக் கொண்டுவந்த மனிதரை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எவரும் எழுந்து நின்று வணங்கலாம்.

மொழி தேய்ந்த அதே காலத்தில்தான் வேடம் வளர்ந்தது. 1932-ல் தீவின் வடக்குப் பகுதியைச் சுற்றிவரும் கேபட் டிரெயில் சாலை முடிந்தது. மறு வருஷம் மாகாணப் பிரதமரான ஆங்கஸ் மெக்டொனால்டு இந்தக் கரையைச் சேர்ந்தவர். நோவா ஸ்கோஷியாவைக் குட்டி ஸ்காட்லாந்தாக விற்றால் அமெரிக்கப் பயணிகள் வருவார்கள் என்று நம்பினார், வந்தார்கள். கட்டம் போட்ட 'டார்ட்டன்' துணியும் பேக்பைப்பும் மாகாணத்தின் முத்திரைகளாயின.

இதன் உச்சம் பிளெசன்ட் பே அருகே காட்டுக்குள் நிற்கும் கல் குடிசை. நிலத்தை எழுதிவைத்த பேராசிரியர் ஒருவரின் நிபந்தனைப்படி, ஸ்காட்லாந்தின் ஆட்டிடையர் குடிசை மாதிரியில் 1942-ல் கட்டியது. குடியேறியவர்கள் மரத்துக்குப் பஞ்சமில்லாத இந்தத் தீவில் மரத்தால்தான் வீடு கட்டினார்கள். இதே தேசியப் பூங்காவுக்காகக் கரையோரம் வாழ்ந்த பிரெஞ்சு அக்கேடியன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிஜ வீடுகள் போய் மாதிரி வீடு வந்தது.

வேடத்துக்குள் அடங்காதது பிடில். அடுப்படியிலும் நடனக் கூடத்திலும் காதால் கேட்டே கற்ற வாசிப்பு. அதில் கேலிக் பாட்டின் நெளிவுகள் அப்படியே ஒலிப்பதாகச் சொல்வார்கள். 1971-ல் சி.பி.சி. தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தில் கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் மறைந்துவருகிறார்கள் என்றது. ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. 1973-ல் கிளென்டேல் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்கள் ஒரே மேடையில் வாசித்துக் காட்டினார்கள். ஜூடிக்கின் படி மெக்மாஸ்டர் ரயில்வே வேலையில் இருந்துகொண்டே வாசித்தவர். ஓய்வு பெற்றபின் உலகம் சுற்றினார். 2014-ல் காலமானார். ஸ்காட்லாந்தில் வழக்கொழிந்த ஒருவகைக் காலடி நடனத்தை அந்நாட்டார் இந்தத் தீவுக்காரர்களிடம்தான் மீண்டும் கற்றார்கள்.

கிளென்வில் ஊரின் கிளெனோரா விஸ்கி ஆலைக்கும் ஒரு சொல் சண்டை உண்டு. 'கிளென்' என்று பெயர் வைத்தால் ஸ்காட்லாந்துச் சரக்கு என்று ஜனங்கள் ஏமாறுவார்கள் என ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. கிளென் என்றால் பள்ளத்தாக்கு. ஆலை இருப்பதே ஒரு பள்ளத்தாக்கில். 2009-ல் ஆலை ஜெயித்தது. சற்று வடக்கே இன்வெர்னஸில் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் இப்போது உலகப் புகழ் கோல்ஃப் மைதானம்.

மார்கரீக்குப் பிறகு 298 கிலோமீட்டர் கேபட் டிரெயில். மலை நேராகக் கடலில் இறங்கும். அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போது வந்தால் 1997-ல் தொடங்கிய செல்டிக் கலர்ஸ் இசைவிழாவும் சேர்ந்து கிடைக்கும். சுற்றின் கீழ்முனையில் செயின்ட் ஆன்ஸ். இங்கிருந்த கறார்ப் பாதிரியார் நார்மன் மெக்லியோட், உருளைக்கிழங்கு பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபின், 1851-ல் தம் மந்தையைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியா வழியாக நியூசிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார். அதே ஊரில் 1938-ல் தொடங்கிய கேலிக் கல்லூரி, நெடுங்காலம் பேக்பைப்பும் நடனமும் கற்பிக்கும் இடமாகவே அறியப்பட்டது. மொழி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மாகாண அரசு 2006-ல் கேலிக் விவகாரங்களுக்குத் தனி அலுவலகம் அமைத்தது. கேலிக் பேசுவோர் சுமார் 2,000 பேர் என்பது அதன் கணக்கு. பலர் வளர்ந்தபின் கற்றவர்கள். 2021-ல் மபூவில், குழந்தைகளுக்கு எல்லாப் பாடமும் கேலிக்கிலேயே நடக்கும் பள்ளி திறந்தது. பெயர் 'பாலத்துப் பள்ளிக்கூடம்'. பெரியவர்களுக்கு வீட்டுச் சமையலறைகளிலேயே வகுப்பு. தேநீர் போடுவது, ரொட்டி சுடுவது, பாத்திரம் கழுவுவது என்று ஒவ்வொரு வேலையையும் செய்தபடியே அதற்கான பேச்சைப் பழகுகிறார்கள். புத்தகம், நோட்டு, பேனா எதற்கும் அனுமதி இல்லை.