விரலுறைப் பூவும் மதிலோர அரளியும்

வேங்கிக்கால் தெருக்களில் காலையில் நடந்தால் மதிலோர அரளி கண்ணில் படாமல் போகாது. கிளையை ஒடித்தால் விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டும். இதயத்துக்காகப் பெரியவர்கள் சாப்பிடும் டிஜாக்சின் மாத்திரைக்கு இந்தப் பால் தூரத்து உறவு.

பெயர் வந்த கதை

அந்த மாத்திரையின் தாய்ச்செடி குளிர்நாட்டு டிஜிட்டாலிஸ். தண்டு நெடுக மணிகளாகத் தொங்கும் பூவுக்குள் ஒரு விரல் அளவாக நுழையும். லத்தீனில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1542-ல் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் இந்தப் பெயரை வைத்தார். ஆங்கிலேயருக்கு அது ஃபாக்ஸ்குளோவ், அதாவது நரியின் கையுறை.

கஷாயத்திலிருந்து மாத்திரைக்கு

உடல் நீர்கோத்து வீங்கியவர்களுக்கு இங்கிலாந்துக் கிராமத்து மூதாட்டி ஒருவர் கொடுத்த கஷாயத்தில் இருபதுக்கு மேல் மூலிகைகள். வேலை செய்தது டிஜிட்டாலிஸ்தான் என்று டாக்டர் வில்லியம் விதரிங் கண்டுகொண்டார். அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒளிக்காமல் 1785-ல் புத்தகமாக எழுதினார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான். டிஜாக்சின் தனியாகப் பிரிக்கப்பட்டது 1930-ல்.

தளர்ந்த இதயத்தை இது அழுத்தமாகச் சுருங்க வைக்கும். தாறுமாறாக ஓடும் துடிப்பை நிதானப்படுத்தும். ஆனால் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். பசி அற்றுப்போவது, குமட்டல், நாடி மந்தமாவது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். நேற்று மறந்த மாத்திரையை இன்றைக்குச் சேர்த்துப் போடாதீர்கள்.

அரளியில் இருப்பது

செவ்வரளி, பொன்னரளி இரண்டிலும் இதே குணமுள்ள பொருள்கள் இலை முதல் விதை வரை உண்டு. டிஜாக்சினுக்கான ரத்தப் பரிசோதனையே அரளி விஷத்தையும் பல சமயம் டிஜாக்சின் என்று காட்டிவிடும், அத்தனை சாயல். மாத்திரையில் அளவு இருக்கிறது, செடியில் இல்லை. அதனால் யார் சொன்னாலும் அரளியைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். சாமிக்குச் சாத்துவதில் தவறில்லை. பிரசாதத்தில் விழக் கூடாது. கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் 2024 மே மாதம் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளியை விலக்கின.

வாயில் போய்விட்டால்

குழந்தை பொன்னரளிக் காயைக் கடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், கடித்த காயையோ இலையையோ கையோடு கொண்டுபோங்கள். முறிவு மருந்து உண்டு. பொன்னரளி விஷத்துக்கு அது பலிப்பதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் காட்டியது. விலை அதிகம், எளிதில் கிடைப்பதில்லை. மனம் வெறுத்துப்போய் யாராவது அரளியைத் தொட்டிருந்தால் திட்டாதீர்கள், முதலில் வண்டியில் ஏற்றுங்கள். மனபாரத்தைக் கொட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று பாதியில் வீட்டுக்கு அழைத்து வரவும் கூடாது. துடிப்பு பல மணி நேரம் கழித்தும் தடுமாறலாம். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கட்டும்.