கம்பெனி மெயில் யார் கையில்?

திருப்பூரிலும் சிவகாசியிலும் சிறு நிறுவனங்களின் விசிட்டிங் கார்டுகளைப் பாருங்கள். இணையதள முகவரி கம்பெனி பெயரில் இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள மெயில் ஐடி மட்டும் ஜிமெயிலில் முடியும். அதன் பாஸ்வேர்டு பெரும்பாலும் அக்கவுன்டன்டிடமோ மெர்ச்சன்டைசரிடமோ இருக்கும், ஓ.டி.பி. வரும் செல்போனும் அவருடையதுதான். அவர் வேலையை விட்டுப் போனால் பையரிடம் பேசிய விலை, அனுப்பிய இன்வாய்ஸ், ஒப்புக்கொண்ட ஷிப்மென்ட் தேதி எல்லாம் அவர் கையோடு போய்விடும். தொழிலின் பாதி நினைவே அந்த இன்பாக்ஸில்தான் இருக்கிறது. அதை முதலாளி தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம்.

முதலில் வேண்டியது சொந்த டொமைன். டாட் இன் முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். ஆனால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். காசு கொடுத்து வாங்கிய வீட்டின் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் எழுதுவோமா? பதிவைக் கம்பெனி பெயருக்கு மாற்றிய பிறகுதான் மற்ற வேலைகள்.

அடுத்தது சொந்த மெயில் சர்வர்; அதற்கான மென்பொருளுக்குச் செலவே இல்லை. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வீட்ஸ வெனெமா எழுதி 1998-இல் வெளியானது. வந்த மெயிலைப் பெட்டியில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் டவ்காட், பின்லாந்துக்காரர் டிமோ சிரைனென் 2002-இல் தந்தது. ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பேம்டி, பிரவுசரில் படிக்க ரவுண்ட்கியூப், பாதுகாப்புச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட். எல்லாமே இலவசம். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் நிறுவித் தரும் 'மெயில் இன் எ பாக்ஸ்' என்ற தொகுப்பும் உண்டு. இருபது பேர் உள்ள அலுவலகத்துக்கு 2 ஜி.பி. நினைவகம் கொண்ட வாடகை சர்வர் போதும்; மாதம் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி, அலுவலக மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் இதை வைக்காதீர்கள். கரன்ட் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு பிராட்பேண்ட் ஐ.பி. முகவரிகளிலிருந்து நேரடியாக வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மெயில் வாங்குவது எளிது; அனுப்புவதுதான் பாடு. உங்கள் சர்வர் கதவைத் தட்டியதும் எதிர்முனை சில கேள்விகள் கேட்கும். இந்த டொமைன் சார்பில் அனுப்ப இந்த ஐ.பி.க்கு அனுமதி உண்டா? அதைச் சொல்வது எஸ்.பி.எஃப். வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து உண்டா? அது டி.கே.ஐ.எம். இரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது? அதைச் சொல்வது டி.மார்க். மூன்றுக்கும் டொமைனின் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் சில வரிகள் எழுத வேண்டும்; டி.கே.ஐ.எம்.முக்கு அதோடு சர்வரும் கையெழுத்திட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன: மொத்தமாக (கூகுளின் கணக்கில் நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல்) அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். சிறு நிறுவனமானாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்பி, அங்கே மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறந்தால் போதும். மூன்றின் பெயருக்கு எதிரிலும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

மூன்றும் பாஸ் ஆன பிறகும் மெயில் ஸ்பேமில் விழலாம். புதிய ஐ.பி.க்கு நற்பெயர் இருக்காது, அக்கம்பக்கத்து ஐ.பி.யிலிருந்து யாராவது குப்பை அனுப்பியிருந்தால் அந்தப் பழியும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25-ஆம் எண் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. என் பரிந்துரை இதுதான்: வாங்குவதும் சேமிப்பதும் உங்கள் சர்வரில் இருக்கட்டும், அனுப்புவதை மட்டும், பிறர் மெயிலை வாங்கி அனுப்பித் தரும் ரிலே சேவையிடம் விட்டுவிடுங்கள். அமேசானின் எஸ்.இ.எஸ்.ஸில் 1,000 மெயிலுக்குப் பத்து அமெரிக்க சென்ட்தான். அந்தச் சேவை சொல்லும் வரிகளை டி.என்.எஸ்.ஸில் சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸில் சில வரி மாற்றினால் வேலை முடிந்தது.

ஏற்றுமதியாளர்களுக்கு டி.மார்க் உயிர்நாடி. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று உங்கள் பெயரில் பையருக்குப் போகும் போலி மெயில், மாதக்கணக்கில் உழைத்த பணத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். டி.மார்க்கை 'ரிஜெக்ட்' என்று வைத்தால், உங்கள் டொமைனைப் போட்டு வரும் போலிகளை அதை மதிக்கும் சர்வர்கள் தள்ளிவிடும். ஓர் எழுத்து மட்டும் மாற்றிப் பதிந்த டொமைனிலிருந்து வந்தால் இது காப்பாற்றாது. ஆகவே கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் போனில் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று பையரிடம் முதல் ஆர்டரிலேயே எழுத்தில் பேசி வையுங்கள்.

சர்வரை அப்டேட் செய்ய, பேக்கப் எடுக்க, எடுத்த பேக்கப்பிலிருந்து மெயில் திரும்ப வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் மாதத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். அப்படி ஆள் இல்லையென்றால் சொந்த சர்வர் ஆசையை விட்டுவிடுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயில் சேவையில், சில வரம்புகளோடு 5 பேர் வரை சொந்த டொமைனிலேயே இலவசத் திட்டம் உண்டு. அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். டொமைன் உங்களுடையதாக இருக்கிறவரை பிறகு எப்போது வேண்டுமானாலும் டி.என்.எஸ்.ஸில் மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். வரிகளை மாற்றி, பழைய மெயில்களையும் நகலெடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் பழைய ஜிமெயிலை உடனே மூடிவிடாதீர்கள். அதன் பாஸ்வேர்டை மாற்றி, செல்போன் எண்ணையும் முதலாளியுடையதாக்கி, வரும் மெயில் புது முகவரிக்குத் தானே போகும்படி செய்து, ஓராண்டாவது ஓட விடுங்கள். எப்போதோ ஆர்டர் கொடுத்த பையர் அந்தப் பழைய முகவரிக்குத்தான் எழுதுவார்.