மைதானம் இல்லாத ஊரின் கபடி

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவை ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று ஊர்ப்பெயர் சேர்த்தே எல்லோரும் கொண்டாடினார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த முகவரியை எழுதத் தயங்கிய இளைஞர்களை நாம் அறிவோம். அதனால் இந்தக் கொண்டாட்டத்தில் நமக்கு இரட்டை மகிழ்ச்சி. தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. நல்லது. ஆனால் அடுத்த கார்த்திகா எந்த இடத்தில் ஓடிப் பழகுவார்?

துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் 2000-ம் ஆண்டு முதல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள். பெரும்பாலானோர் தலித் மக்கள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் ஏறக்குறைய 200 சதுர அடிதான். ஒரே அறையில் சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் நடக்கிற வீட்டுக்கு வெளியே உள்ள திறந்தவெளிதான் இன்னொரு அறை. பிளாக்குகளுக்கு இடையே வண்டி நிறுத்தியது போக, குடம் வைத்தது போக மிஞ்சுகிற சந்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மாலை ஆனால் ஆண்பிள்ளைகள் எங்காவது இடம் பிடித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு மாடிப்படிதான். 2020-ல் இங்குள்ள சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன.

நகரத்தில் பூங்காவுக்குப் பஞ்சம் இல்லை. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் 6.09 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலிலேயே 300 ரூபாய். அம்மாவுக்கு அரசுப் பேருந்தில் பயணம் இலவசம். பூங்காவுக்குள் நுழைவது இலவசம் இல்லை. தூய்மைப் பணியாளர் குடும்பமோ வீட்டு வேலை செய்பவர் குடும்பமோ இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் அதிகம்.

விதி என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனை பிரித்தாலோ கட்டிடம் கட்டினாலோ 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கிப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். ஓ.எஸ்.ஆர். என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். நல்ல விதிதான். ஆனால் அது மனை போடுகிறவர் பின்னாலேயே போகிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் தெருக்களில் யார் புதிதாக மனை போடப் போகிறார்கள்? அங்கே ஓ.எஸ்.ஆர். நிலம் எப்படி வரும்? பணமாகக் கட்டிய தொகையையாவது இடமே இல்லாத இந்தப் பகுதிகளில் நிலம் வாங்கச் செலவிட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இது சலுகை கேட்பது அல்ல. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. இன்று பூங்கா வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. குடியிருப்பை எங்கே வைக்கிறார்கள், பூங்காவை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே அந்தக் கேள்வி கேட்கப்பட்டுவிடுகிறது.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கும் மூன்றாம் முழுமைத் திட்டம் அடுத்த 20 ஆண்டுகளுக்கானது. ஒரு நபருக்கு இத்தனை சதுர மீட்டர் திறந்தவெளி என்று அதில் நகரம் முழுவதற்கும் சராசரி போட்டால், கிண்டியும் மெரினாவும் சேர்ந்து நம் தெருக்களின் கணக்கையும் சரிக்கட்டிவிடும். வார்டு வாரியாக, குடியிருப்பு வாரியாக எண்ண வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சமுள்ள மைதானம், கழிப்பறை, முதியோர் உட்காரத் திண்ணை ஆகியவையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். 2024-ல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் இதற்கு இடம் உண்டா என்பதை நம் மன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும்.

நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் ஒவ்வொரு குடியிருப்புச் சங்கமும் தன் பகுதியில் காலியாகக் கிடக்கும் அரசு நிலம் எது, மைதானம் எத்தனை அடி என்று அளந்து எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். வரைவு வரும் வரை காத்திராமல் அளக்கிற வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.