கம்பியா, வானலையா?

இணையவழியே ஆடும் பிள்ளைகள், "வைஃபை இருக்கையில் கம்பி எதற்கு?" என வினவுவதுண்டு. ஆட்டத்துக்குப் பெருவேகத்திலும் இன்றியமையாதது, தடங்கலற்ற சீரான தொடர்பே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' என்னும் சண்டை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் போட்டியில் விநாடிக்கு 60 படங்கள் திரையில் ஓடுகின்றன. கணநேரத் தாமதமும் அங்கே தோல்வியாகலாம். வைஃபையிலோ வீட்டுச் சாதனங்கள் யாவும் ஒரே அலைவரிசையில் முறைவைத்தே பேசவேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையாயின் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். லான் கேபிளில் இத்தொல்லைகள் இல்லை. போவதற்கும் வருவதற்கும் ஒரே வேளையில் இடமுண்டு.

நட்டம் நமக்கு மட்டுமன்று. நமது தொடர்பு தடுமாறின், எதிராளியின் ஆட்டமும் குலையும். ஆதலாலன்றோ, போட்டிக்கு இசையுமுன்னரே, எதிராளி கம்பிவழி வருகிறாரா வைஃபைவழி வருகிறாரா என்பதை அவ்விளையாட்டு ஒரு குறியால் காட்டிவிடுகிறது!

லான் கேபிள் 100 மீற்றர் வரை செல்லும். வீட்டுக்கு அது தாராளம். கம்பி இழுக்க இயலாதோர் 5 கிகாஹேர்ட்ஸ் வரிசையைத் தெரிந்து, ரவுட்டரை அதே அறையில் வைப்பாராக. சுவர்கள் அவ்வலையை எளிதில் நலிவிக்கும். தனித்து ஆடுவோர்க்கு வைஃபையே போதும். பிறரோடு ஆடுவோர் கம்பியை நாடுவதே முறை.