இலங்கை வழியாக வந்த வனஸ்பதி

பாமாயிலுக்குப் பேர்போன நாடு இல்லை இலங்கை. ஆனாலும் 2000களின் தொடக்கத்தில் அங்கிருந்து இந்தியாவுக்கு வனஸ்பதி கப்பல் கப்பலாக வந்தது. மலேசிய, இந்தோனேசியப் பாமாயில் இலங்கையில் இறங்கி, வனஸ்பதியாக மாறி, வரியில்லாமல் நம் துறைமுகங்களுக்குள் நுழைந்தது. அந்த ஆலைகளில் பல, இந்திய முதலாளிகள் தொடங்கியவை.

வழி திறந்தது 1998 டிசம்பர் 28-ல். அன்று இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம், 2000 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு நாட்டுக்குத் தரும் வரிச் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதி. தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் அதற்கு அனுமதிக்கப்பட்ட விலக்கு. இரு நாடுகளும் தமக்குள் வரியைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு அவரவர் வரி அப்படியே நீடிக்கும். சிக்கல் பிறப்பது இங்கேதான். எண்ணெய் வித்து விவசாயிகளைக் காக்க இந்தியா பாமாயிலுக்குக் கடுமையாக வரி போட்டது. இலங்கையில் அப்போது வரி குறைவு. வரி குறைந்த வாசல் வழியாகத்தானே சரக்கு வரும்?

அதைத் தடுக்கவே, சரக்கு உண்மையில் எந்த நாட்டுடையது என்று முடிவு செய்யும் மூலவிதிகள் இருக்கின்றன. இந்த ஒப்பந்தப்படி, 100 ரூபாய் ஏற்றுமதிச் சரக்கில் வெளிநாட்டு மூலப்பொருள் 65 ரூபாயைத் தாண்டக் கூடாது. சுங்க அட்டவணையில் சரக்கின் தலைப்பு எண்ணும் மாறியிருக்க வேண்டும். பாமாயிலின் எண் 1511, வனஸ்பதியின் எண் 1516. எண் மாறிவிட்டது, மீதியெல்லாம் விலைக் கணக்கு. மூலப்பொருளின் விலையைக் குறைத்தோ ஏற்றுமதி விலையைக் கூட்டியோ எழுதினால், 35 சதவீத மதிப்புக் கூட்டல் காகிதத்திலேயே கிடைத்துவிடும். செம்புச் சுரங்கமே இல்லாத இலங்கையிலிருந்து செம்புப் பொருள்கள் குவிந்தபோது எழுந்த சர்ச்சையும் இதுதான்.

ஒப்பந்தம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. இந்தியா 3 ஆண்டுகளில் வரியை நீக்க, சிறிய நாடான இலங்கைக்கு 8 ஆண்டு அவகாசம் கிடைத்தது. வரிச் சலுகை பெறாத பொருள்களின் பட்டியலில் இந்தியா 429 பொருள்களை வைத்தபோது இலங்கை 1,180 வைத்தது. அது நியாயம். ஆனால், எல்லாரும் பேசுவது வரி நீக்கத்தைப் பற்றி மட்டுமே. மூலவிதிகள் ஒப்பந்தத்தின் இணைப்பில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

2006-ல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வனஸ்பதிக்கு உச்சவரம்பு வந்தது. பல ஆலைகள் மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் இலங்கைத் தொழிலாளர்கள். பிறகு மிளகு. வியட்நாம் மிளகு, இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு வருவதாகக் கேரள, கர்நாடக விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு விதித்தது.

2020-ல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவு சேர்ந்தது. சான்றிதழ் மட்டும் போதாது; சரக்கு எப்படி உருவானது என்ற விவரமும் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனம் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். தூத்துக்குடியில் ஒரேயொரு கன்டெய்னர் இறக்கும் சிறு வணிகருக்கு, அந்த விவரங்களைத் திரட்ட உதவும் மையத்தைத் துறைமுகத்திலேயே அரசு அமைத்துத் தர வேண்டும்.