அவசர சிகிச்சைப் பிரிவில் மதுப்பழக்கம் கண்டறிதல்

அவசர சிகிச்சைப் பிரிவில் மதுப்பழக்கம் கண்டறிதல் என்பது, காயத்துடனோ திடீர் உடல்நலக் குறைவுடனோ மருத்துவமனைக்கு வருவோரிடம் சில கேள்விகளைக் கேட்டு, யாருடைய குடி உடலுக்குத் தீங்கு தரும் அளவில் உள்ளது என்று அறியும் முறை ஆகும். ஒருவரைக் குடிநோயாளி என்று முத்திரை குத்துவது இதன் நோக்கமன்று. வேலைக்குப் போய்வந்துகொண்டு, தம் குடியைப் பற்றி எந்த மருத்துவரிடமும் பேசியிராதவர்களே இதில் முதன்மையாகத் தேடப்படுகிறார்கள்.

இரத்தப் பரிசோதனை இதற்குப் போதாது. இரத்தத்தில் உள்ள மதுவின் அளவு அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். இரவுதோறும் குடிப்பவர் மறுநாள் மாலையில் வந்தால் அது சுழியமாக இருக்கலாம்; எப்போதோ ஒருமுறை குடித்தவருக்கு உயர்ந்திருக்கலாம். பழக்கத்தை அறியக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்காமல் விடுவதன் ஆபத்து

கால் முறிவுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவர் நாள்தோறும் அதிகம் குடிப்பவர் என்பது தெரியாமல் போனால், கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் சேர்ந்த 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' நிலை வந்தால் அது உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கக்கூடியது இது. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மதுவாடை வீசுகிறது என்பதற்காக மயக்கத்தைப் போதை என்று விட்டுவிட்டால், மூளை இரத்தக்கசிவோ இரத்தச் சர்க்கரைக் குறைவோ கவனிக்கப்படாமல் போய்விடும்.

கேள்வித்தாள்கள்

உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'ஆடிட்' கேள்வித்தாளில் 10 கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40. பொதுவாக 8 அல்லது அதற்கு மேல் பெற்றால் தீங்கு தரக்கூடிய குடி எனக் கொள்ளப்படும். நெரிசல் மிகுந்த பிரிவில் பத்துக் கேள்விகளுக்கு நேரம் கிடைப்பது அரிது. எனவே அதன் முதல் மூன்று கேள்விகளைக் கொண்ட 'ஆடிட்-சி' பல இடங்களில் பயன்படுகிறது.

இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் 1990களில் உருவான 'பேட்டிங்டன் மது சோதனை' அவசரப் பிரிவுக்கென்றே அமைந்தது. கீழே விழுதல், திடீர் மயக்கம், தலைக்காயம், அடிதடி, நெஞ்சுவலி, அடிக்கடி வருதல் போன்ற பத்து வகைக் காரணங்களோடு வருவோரிடம் மட்டும் இது கேட்கப்படும். முதலில் வந்த காரணத்துக்குச் சிகிச்சை. கேள்வி அதன் பிறகே. இந்த வரிசை முக்கியமானது, வலியோடு இருப்பவரிடம் குடியைப் பற்றிக் கேட்டால் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். 'நீங்கள் இங்கே வந்ததற்கும் குடிக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறீர்களா?' என்ற பொருளில் ஒரு கேள்வி இச்சோதனையில் உண்டு. அந்தத் தொடர்பை நோயாளியே சொல்லும் தருணம்தான் அறிவுரை ஏறும் தருணம் என்பது இதை உருவாக்கியோரின் கருத்து.

பயன்

இம்மருத்துவமனையில் 599 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மது தொடர்பான ஆலோசகரிடம் அனுப்பப்பட்டோர் ஆறு மாதங்களுக்குப் பிறகு வாரத்துக்குச் சராசரியாக 59.7 அலகு குடித்தனர். துண்டறிக்கை மட்டும் பெற்றோர் 83.1 அலகு. (பிரித்தானியாவில் ஓர் அலகு என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்ககால்.) இரு குழுவினருமே இன்னும் மிக அதிகமாகத்தான் குடித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எனினும் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டோர் அடுத்த ஓராண்டில் அவசரப் பிரிவுக்குத் திரும்ப வந்தது குறைந்தது.

இங்கிலாந்தின் ஒன்பது அவசரப் பிரிவுகளில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வு இவ்வளவு நம்பிக்கை தரவில்லை. துண்டறிக்கை, சுருக்கமான அறிவுரை, நீண்ட ஆலோசனை ஆகிய மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கேள்வி கேட்கப்பட்டதே ஓரளவு பலன் தந்திருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. ஆனால் கேள்வியே கேட்கப்படாத குழு ஒன்று இல்லாமல் அதை உறுதிசெய்ய முடியாது.

அமெரிக்காவில் தடை வேறு வகையானது. போதையில் ஏற்பட்ட காயத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்ற மாதிரிச் சட்டம் 1947இல் உருவாகிப் பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. பரிசோதித்துப் பதிவுசெய்தால் சிகிச்சைச் செலவு நோயாளியின் தலையிலோ மருத்துவமனையின் தலையிலோ விழும் என்பதால், மருத்துவர்கள் கேட்காமலிருப்பதே நல்லது என்று ஒதுங்கினர். அச்சட்டத்தை நீக்குமாறு மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கமே 2001இல் பரிந்துரைத்தது. எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை.